கேம் பண்டல்: பன்னிரண்டு கேமை ஒரே விலைக்கு எப்படிக் கொடுக்கிறார்கள்?

சேலம், வேலூர், நெல்லை என்று பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்து பெங்களூரில் பிஜியில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு வார இறுதி என்றால் லேப்டாப்பும் கேமும்தான். மடிவாளாவில் ஒரு அறை, மாரத்தஹள்ளியில் ஒரு அறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸப் குழு. அதில் அடிக்கடி இப்படி ஒரு செய்தி வந்து விழும்: "மச்சி, 12 கேம், 1,000 ரூபாய்தான். வாங்கிடலாமா?" கூடவே, தனித்தனியாக வாங்கினால் 9,000 ரூபாய் ஆகும் என்று காட்டும் ஒரு படமும் இருக்கும்.

பார்த்ததும் இரண்டு சந்தேகங்கள் எழும். இவ்வளவு குறைத்துக் கொடுத்தால் செய்தவர்களுக்கு என்ன மிஞ்சும்? இதில் ஏதாவது ஏமாற்று இருக்குமோ? பிள்ளை வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும்போது பெற்றோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

நம்பகமான கடையில் விற்கும் பண்டல் என்றால் ஏமாற்று இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது. அது புரிந்துவிட்டால், எந்தப் பண்டலை வாங்குவது, எதை விடுவது என்று யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்யலாம்.

பண்டல் என்றால் பல கேம்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பது. அவ்வளவுதான். பெங்களூரில் தர்ஷினி என்று சொல்லும் சின்ன ஹோட்டல்களில் சௌ சௌ பாத் என்று கேட்டால் ஒரே தட்டில் காரா பாத்தும் கேசரி பாத்தும் வருமே, அதுபோல. காரத்துக்காக வாங்குபவரும் உண்டு, இனிப்புக்காக வாங்குபவரும் உண்டு. இருவருக்கும் ஒரே தட்டு போதும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஹோட்டல்காரருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் ரவையும் நெய்யும் செலவாகும். கேமுக்கு அப்படி இல்லை. முதல் பிரதியைச் செய்து முடிக்கத்தான் வருடக்கணக்கான உழைப்பும் பெரும் பணமும் வேண்டும். அதற்குப் பிறகு பத்தாயிரமாவது பிரதியை விற்க ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நீங்கள் டவுன்லோடு செய்யும் இணையச் செலவு மட்டும்தான். ஒரு கேமைக் கூடச் சேர்த்துக் கொடுப்பதால் விற்பவருக்குக் கையைக் கடிக்காது. பண்டல் வியாபாரம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஓர் அக்கா, ஒரு தம்பி, இரண்டு கேம்

அல்சூரில் ஒரு வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குப் புதிர் கேம் என்றால் உயிர். நல்ல புதிர் கேமுக்கு 600 ரூபாய் வரை கொடுப்பார். கார் ரேஸ் கேம் சுமாராகப் பிடிக்கும். 200 ரூபாய்க்கு மேல் தர மாட்டார். தம்பி நேர் எதிர். ரேஸ் கேமுக்கு 600, புதிருக்கு 200.

விற்பவர் ஒவ்வொரு கேமுக்கும் 600 ரூபாய் விலை வைத்தால் என்ன ஆகும்? அக்கா புதிரை மட்டும் வாங்குவார், தம்பி ரேஸை மட்டும் வாங்குவான். மொத்த வசூல் 1,200. சரி, 200 ஆகக் குறைத்தால்? இருவரும் இரண்டையும் வாங்குவார்கள். நான்கு பிரதிகள், ஆனால் வசூல் 800தான். விலையைக் குறைத்ததும் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தவரிடமிருந்தும் பணம் குறைந்துவிட்டது.

இப்போது இரண்டையும் கட்டி 750 ரூபாய்க்குக் கொடுக்கட்டும். அக்காவின் மனக்கணக்கில் இரண்டு கேமும் சேர்ந்து 800 பெறும், வாங்கிவிடுவார். தம்பிக்கும் அதே 800, அவனும் வாங்குவான். வசூல் 1,500. தனித்தனியாக விற்றபோது கிடைத்ததைவிட 300 ரூபாய் அதிகம். அக்காவும் தம்பியும் ஆளுக்கு இரண்டு கேம் பெற்றிருக்கிறார்கள். மனதில் நினைத்ததைவிட 50 ரூபாய் மிச்சம் வேறு. 1,200 ரூபாய் பெறுமானமுள்ளது 750க்குக் கிடைத்ததாகத்தான் இருவருக்கும் தோன்றும். விற்பவருக்கும் லாபம், வாங்கியவர்களுக்கும் லாபம்.

அக்காவுக்குப் பிடித்தது தம்பிக்குப் பிடிக்கவில்லை, தம்பிக்குப் பிடித்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்பதால்தான் இந்த 300 ரூபாய் கிடைத்தது. ரசனை ஒரே பக்கம் சாய்ந்தால் பண்டல் பலிக்காது. அக்கா இரண்டு கேமுக்கும் தலா 600 கொடுப்பார், தம்பி இரண்டுக்கும் தலா 200தான் கொடுப்பான் என்று மாற்றிப் பாருங்கள். தனித்தனியாக 600க்கு விற்றால் அக்காவிடமிருந்து 1,200. சேர்த்து 1,200க்கு விற்றாலும் அதே அக்கா, அதே 1,200. பண்டலை 400 ஆக்கினால் இருவரும் வாங்குவார்கள், வசூல் 800. கட்டி விற்றதால் எந்தப் பயனும் இல்லை.

இதைப் பொருளாதாரத்தில் தெளிவாக எடுத்து வைத்தவர் ஜார்ஜ் ஸ்டிக்லர். பின்னாளில், 1982ல், நோபல் பரிசு பெற்றவர். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கேம் அல்ல, சினிமா. அமெரிக்கப் படக் கம்பெனிகள் பல படங்களைச் சேர்த்து, எல்லாவற்றையும் எடுத்தால்தான் தருவோம் என்று விற்றுவந்தன. அந்த வழக்கத்தை அங்கே உச்சநீதிமன்றம் 1948லும் 1962லும் தவறு என்று சொன்னது. அதைத் தொடர்ந்து 1963ல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் ஸ்டிக்லர் இந்த மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டினார். நம் ஊரில் ஏரியா விநியோகம் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த வியாபாரம் புதிதாகத் தோன்றாது.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சேர்த்து மட்டும்தான் தருவோம், தனியாகக் கிடையாது என்பது ஒரு வகை. தனியாகவும் வாங்கலாம், சேர்த்தும் வாங்கலாம் என்பது இன்னொரு வகை. படக் கம்பெனிகள் செய்தது முதல் வகை. இன்றைய கேம் பண்டல்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. பிடித்த ஒன்றை மட்டும் தனியாக வாங்க வழி இருக்கும்வரை வாங்குபவருக்குப் பாதகம் குறைவு.

இரண்டு கேமுக்குப் பதில் ஐம்பது கேம் இருந்தால்?

1999ல் யானிஸ் பாக்கோஸ், எரிக் பிரின்யால்ஃப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கேமுக்கு யார் எவ்வளவு கொடுப்பார் என்று ஊகிப்பது கஷ்டம். ஒருவர் ஆயிரம் தருவார், இன்னொருவர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். ஐம்பது கேமைச் சேர்த்துவிட்டால் நிலைமை மாறுகிறது. ஒவ்வொருவருக்கும் அதில் நாலைந்து ரொம்பப் பிடிக்கும், சில சுமாராகப் பிடிக்கும், மீதி பிடிக்காது. எந்த நாலைந்து என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் கூட்டிப் பார்த்தால் எல்லோருடைய மொத்தமும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடும். அப்போது விற்பவர் அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு விலை வைத்தால் போதும், பெரும்பாலானோர் வாங்கிவிடுவார்கள். 2017ல் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் போல, மாதம் ஒரு தொகை கட்டிப் பல கேம்களை ஆடவிடும் சந்தாக்கள் நிற்பதும் இந்த அடித்தளத்தில்தான். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதையைச் சொல்லும் வெண்பா என்ற சிறிய கேம், 2023 ஜூலையில் வெளியான அன்றே கேம் பாஸிலும் வந்தது. தனியாகப் பணம் கொடுத்து ஒரு சமையல் கேமைத் தேடிப் போயிருக்காதவர்களும் அதைத் திறந்து பார்க்க வழி கிடைத்தது.

இதிலிருந்து வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரிய பண்டலில் பாதிக்கு மேல் உங்களுக்குப் பிடிக்காமல் போவது இயல்பு. பண்டலே அப்படித்தான் கட்டப்படுகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கேமும் யாரோ ஒருவருக்காகச் சேர்க்கப்பட்டது. அந்த யாரோ ஒருவர் நீங்களாக இருப்பது மூன்றோ நான்கோ கேம்களில்தான். அதனால் "12 கேம்" என்ற எண்ணை வைத்து மதிப்புப் போடவே கூடாது.

எண்ணிக்கையைக் காட்டி விற்ற காலம்

எண்ணிக்கையில் மயங்குவது பழைய கதை. 90களில் வளர்ந்தவர்கள் டிவியில் செருகி ஆடிய கேம் கேசட்டுகளை மறந்திருக்க மாட்டார்கள். காந்தி நகர் நேஷனல் மார்க்கெட் மாதிரியான கடைத்தெருக்களில் "9999 இன் 1" என்று மேலே ஒட்டிய மஞ்சள் கேசட்டுகள் கிடைக்கும். உள்ளே போனால் சில கேம்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பெயரோ தொடங்கும் கட்டமோ மட்டும் மாறியிருக்கும். அதெல்லாம் உரிமம் இல்லாத நகல்கள். செய்தவர்களுக்கு ஒரு பைசா போனதில்லை. ஆனாலும் நம்மில் பலருக்கு முதல் பண்டல் அதுதான்.

உரிய கம்பெனி என்று சொல்லிக்கொண்டு செய்தவர்களும் உண்டு. 1991ல் அமெரிக்காவில் ஆக்‌ஷன் 52 என்று ஒரு கேசட் வந்தது. 52 கேம், விலை 199 டாலர். பல கேம்கள் பாதியில் நின்றுவிடும். சில தொடங்கவே தொடங்காது. மோசமான கேம்களின் பட்டியல் போடுபவர்கள் இன்றும் அதைச் சேர்க்காமல் விடுவதில்லை.

இதற்கு மறுபக்கம், பண்டலின் நல்ல முகத்தைக் காட்டியது 2007 அக்டோபரில் வால்வ் என்ற அமெரிக்க கேம் கம்பெனி வெளியிட்ட ஆரஞ்சு பாக்ஸ். ஹாஃப்-லைஃப் 2, அதன் தொடர்ச்சியாக இரண்டு எபிசோடுகள், டீம் ஃபோர்ட்ரஸ் 2, போர்ட்டல் என்று மொத்தம் ஐந்து. போர்ட்டல் அப்போது யாருக்கும் தெரியாத பெயர். டிஜிபென் கல்லூரி மாணவர்கள் செய்த ஒரு கேமைப் பார்த்து, அந்தக் குழுவையே வால்வ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் வளர்த்தெடுத்த யோசனைதான் போர்ட்டல். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன கேம். சுவரில் இரண்டு வாசல் போட்டு, ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வருவதுதான் அதன் விளையாட்டு. ஹாஃப்-லைஃபுக்காகப் பெட்டியை வாங்கியவர்கள் போர்ட்டலைப் பார்த்து அசந்துபோனார்கள். 2011ல் அதன் இரண்டாம் பாகம் தனி கேமாகவே வந்தது. தனியாக அலமாரியில் இருந்திருந்தால் பலர் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். பெரிய பெயர்களோடு சேர்ந்து போனதால் வீட்டுக்குள் வந்துவிட்டது. பண்டலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: தேடாத ஒரு நல்ல கேம் கைக்கு வந்து சேரும்.

விலையை நீங்களே சொல்லுங்கள்

இன்று நாம் பார்க்கும் இணையப் பண்டல்களுக்கு வழி போட்டது 2010 மே மாதம் வுல்ஃபயர் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் நடத்திய ஹம்பிள் இண்டி பண்டல். வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வேரியா, கிஷ், லுகாரு, பெனும்ப்ரா ஓவர்ச்சர் என்று ஐந்து கேம்கள்; நடுவில் சமோரோஸ்ட் 2 சேர்ந்தது. எல்லாம் சின்னக் குழுக்கள் சொந்தமாகச் செய்த இண்டி கேம்கள். விலையை வாங்குபவரே சொல்லலாம். ஒரு சென்ட் கொடுத்தாலும் சரி, நூறு டாலர் கொடுத்தாலும் சரி. கொடுக்கும் பணத்தில் கேம் செய்தவர்களுக்கு எவ்வளவு, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு கேம்களும் பொம்மைகளும் தரும் சைல்ட்ஸ் பிளே அமைப்புக்கு எவ்வளவு, இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனுக்கு எவ்வளவு என்பதையும் வாங்குபவரே பிரித்துச் சொல்லலாம். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இப்படித் திறந்துவிட்டால் யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். 1,38,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள். மொத்த வசூல் 12 லட்சம் டாலரைத் தாண்டியது. சராசரியாக ஒருவர் கொடுத்தது சுமார் 9 டாலர். லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கேம் கிடைப்பதே அரிது. அவர்கள் விண்டோஸ்காரர்களைவிடச் சராசரியாக அதிகம் கொடுத்தார்கள். வசூல் பத்து லட்சத்தைத் தொட்ட மகிழ்ச்சியில் நான்கு கேம்களின் மூல நிரலை, அதாவது கேமை உருவாக்க எழுதிய கணினிக் குறியீட்டை, பொதுவில் வெளியிடுவதாகவும் அறிவித்தார்கள்.

அக்கா தம்பிக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். விற்பவருக்கு எப்போதும் இருக்கும் சிக்கல், யார் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று தெரியாதது. ஹம்பிள் அதை வாங்குபவரிடமே கேட்டுவிட்டது. 1 டாலர் வைத்திருக்கும் மாணவரும் உள்ளே வரலாம், 50 டாலர் கொடுக்க ஆசைப்படும் ரசிகரும் கொடுக்கலாம்.

பிற்பாடு ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். அதுவரை வாங்கியவர்களின் சராசரியைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தால் கூடுதலாகச் சில கேம்கள். சராசரி 5 டாலர் என்றால் பலர் 5 டாலர் ஒரு சென்ட் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கக் கொடுக்கச் சராசரி மெல்ல ஏறும். முதல் நாளிலேயே வாங்கியவருக்கு மலிவாக முடியும். இன்று பல பண்டல்களில் காணும் படிநிலை விலை, அதாவது இவ்வளவு கொடுத்தால் 3 கேம், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் 8 கேம் என்பது, இதன் வாரிசுதான்.

துஷ்பிரயோகமும் நடந்தது. ஒரு சென்ட் கொடுத்து நூற்றுக்கணக்கில் வாங்கி, அதில் கிடைக்கும் ஸ்டீம் கீகளை, அதாவது வால்வ் நடத்தும் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் போட்டு கேமைப் பெறும் குறியெண்களை, வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். அதனால் 2011 டிசம்பரிலிருந்து ஸ்டீம் கீ வேண்டுமென்றால் குறைந்தது 1 டாலர் என்று வைத்தார்கள். 2012 கடைசியில் டிஹெச்கியூ என்ற பெரிய கம்பெனியின் கேம்களை வைத்து ஒரு பண்டல் வந்தது. 50 லட்சம் டாலருக்கு மேல் வசூல். ஆனால் விண்டோஸில் மட்டும், அதுவும் ஸ்டீம் வழியாக மட்டும் ஓடும் கேம்கள் என்பதால் பழைய ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 2017ல் ஹம்பிளை ஐஜிஎன் என்ற கேம் செய்தி நிறுவனம் வாங்கியது. 2021ல் பணத்தை முழுக்க நம் விருப்பப்படி பிரிக்கும் உரிமைக்கும் வரம்பு வந்தது.

2020 ஜூனில் இட்ச்.ஐஓ தளம் நடத்திய இன நீதிக்கான பண்டலையும் சொல்ல வேண்டும். குறைந்தது 5 டாலர். தொடங்கும்போது எழுநூற்றுச் சொச்சமாக இருந்தது, கேம் செய்பவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் படைப்பைக் கொண்டுவந்து சேர்த்ததில் 1,700ஐத் தாண்டியது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். திரண்ட 80 லட்சத்துக்கும் அதிகமான டாலர் அப்படியே இரண்டு நற்பணி அமைப்புகளுக்குப் போனது. செய்தவர்கள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1,700 படைப்பையும் யாராலும் ஆடிப் பார்த்து முடிக்க முடியாது. வாங்கியவர்களுக்கும் அது தெரியும். அங்கே பண்டல் என்பது ஒரு நன்கொடையைச் சுற்றி மக்கள் கூடும் இடமாகிவிட்டது.

செய்பவர்கள் ஏன் சம்மதிக்கிறார்கள்?

பெங்களூருக்கு கேம் செய்வதில் பழைய உறவு உண்டு. துருவா இன்டராக்டிவ் இங்கே 1997ல் தொடங்கியது. 2019ல் ராக்ஸ்டார் கேம்ஸ் அதை வாங்கியது. அப்படிப்பட்ட பெரிய இடங்களில் வேலை பார்ப்பவர்கள் ஒருபுறம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக கேம் செய்து பார்ப்பவர்கள் இன்னொரு புறம். அந்தச் சின்னக் குழுக்களை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

750 ரூபாய் விலையுள்ள உங்கள் கேமை 1,000 ரூபாய்ப் பண்டலில் இன்னும் 11 கேம்களோடு சேர்க்கிறீர்கள். தளத்துக்கும் நற்பணிக்கும் 280 ரூபாய் போனது என்று வைத்துக்கொண்டால், மீதி 720ஐப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பிரதிக்கு 60 ரூபாய். முழு விலைக்கு ஸ்டீமில் விற்றால், வழக்கமான 30 சதவீதப் பங்கை அவர்கள் எடுத்ததுபோக 525 கிடைத்திருக்கும். எவ்வளவு இறக்கம்! அதனால் பண்டலுக்கு நேரம் முக்கியம். முதலில் முழு விலை, பிறகு தீபாவளி, கோடை என்று தள்ளுபடிகள், எல்லாம் ஓய்ந்து விற்பனை படுத்த பிறகு பண்டல் என்பதே பெரும்பாலானோர் போகும் வழி. முழு விலை கொடுக்க நினைத்தவர்கள் அதற்குள் வாங்கியிருப்பார்கள். அதன்பின் வரும் 60 ரூபாய், வேறு எப்படியும் வந்திருக்காத 60 ரூபாய். ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கேம் என்றால் இன்னொரு லாபம்: ஆள் இல்லாமல் காய்ந்து கிடந்த சர்வரில் ஒரே வாரத்தில் கூட்டம் வரும். அடுத்த கேம் வெளியிடும்போது உங்கள் பெயரைத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.

நஷ்டங்களும் உண்டு. வெளியாகி மூன்று மாதத்தில் பண்டலில் போட்டுவிட்டால், முழு விலை கொடுத்து முதல் நாள் வாங்கியவர் மனம் நோகும். அடுத்த முறை அவரும் காத்திருப்பார். பண்டலில் கிடைத்த கீகள் வேறு சந்தைகளில் அடிமாட்டு விலைக்கு வரும். நல்ல விமர்சனங்கள் குவியும் என்று நம்பவும் முடியாது. 2016 செப்டம்பரிலிருந்து, கீ போட்டுச் சேர்த்தவர்கள் எழுதும் விமர்சனத்தை ஸ்டீம் மதிப்பெண்ணில் கணக்கெடுப்பதில்லை. விமர்சனம் தெரியும், மதிப்பெண் மட்டும் மாறாது. சின்னக் குழுவைச் சேர்ந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

வாங்குவதற்கு முன்

சரி, அந்த வாட்ஸப் செய்திக்கு வருவோம். 12 கேம், 1,000 ரூபாய். முதலில் பட்டியலைத் திறந்து, தனியாக விற்றாலும் வாங்கியிருப்பேன் என்று மனதார நினைக்கும் கேம்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கொடுப்பீர்கள் என்றும் எழுதுங்கள். கடையில் போட்டிருக்கும் விலையை எழுதக் கூடாது; உங்கள் மனதில் இருக்கும் விலையை எழுத வேண்டும். ஒன்றுக்கு 500, இன்னொன்றுக்கு 400, மூன்றாவதுக்கு 250 என்றால் மொத்தம் 1,150. வாங்கலாம். மீதி ஒன்பதும் உபரி. ஒரே ஒரு கேம்தான் கண்ணில் பட்டது, அதற்கு 400 தருவேன் என்றால் அதை மட்டும் தனியாகத் தள்ளுபடியில் வாங்குவது மேல். ஸ்டீம்டிபி, இஸ்தேர்எனிடீல் போன்ற தளங்களில் ஒரு கேம் இதுவரை எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தது என்று பார்க்கலாம். "9,000 ரூபாய் மதிப்பு" என்று போடுபவர்கள் முழு விலைகளைத்தான் கூட்டியிருப்பார்கள். அதில் பாதி கேம்கள் வருடத்தில் பல முறை 100, 150 ரூபாய்க்கு வந்துபோகிறவையாக இருக்கலாம்.

எண்ணிக்கையில் கேம் அல்லாததும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கேமின் கூடுதல் உடைகள், பாட்டுத் தொகுப்பு, படப் புத்தகம் எல்லாவற்றையும் தனித்தனி உருப்படியாக எண்ணும் வழக்கம் இருக்கிறது. கூடுதல் பகுதி மட்டும் இருந்து மூல கேம் இல்லாவிட்டால் அது உதவாது.

ஸ்டீமில் நேரடியாக வாங்கும்போது, சேர்த்து விற்பவை எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. பேக்கேஜ் என்றால் ஒரே விலை. அதில் ஒரு கேம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தாலும் குறையாது. தொகுப்பை நிறைவு செய்யும் வகைப் பண்டல் என்றால் உங்களிடம் இருப்பதைக் கழித்துவிடுவார்கள். 500 ரூபாய் கேம் மூன்று, 20 சதவீதத் தள்ளுபடி என்றால் 1,200. ஒன்று ஏற்கெனவே இருந்தால் 800தான். ரீஃபண்டும் இங்கே கிடைக்கும். வாங்கி 14 நாட்களுக்குள், எல்லா கேமும் சேர்த்து மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். கேமுக்கு இரண்டு மணி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் அந்த இரண்டு மணி.

லேப்டாப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பில் சின்னக் குழுக்கள் செய்த இண்டி கேம்கள் பல அழகாக ஓடும். பெரிய கம்பெனி கேம்கள் திணறும். 100 ஜிபி கேமை பிஜி வைஃபையில் இறக்குவது மற்ற அறைக்காரர்களுக்கும் தொல்லை. அந்த வகையில், குறைந்த வாடகை அறையில் சாதாரண லேப்டாப் வைத்திருப்பவருக்கு இண்டி பண்டல்தான் சிறந்த வாசல் என்பது என் உறுதியான கருத்து. ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் தயவுசெய்து எதையும் போடாதீர்கள், வேலைக்கே வினையாகிவிடும்.

ஸ்டீம் 2015லிருந்து ரூபாயில் விலை காட்டுகிறது. பண்டல் தளங்கள் பல டாலரில் வசூலிக்கும். அப்போது கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே இயக்கி வைத்திருக்க வேண்டும். வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணமும் சேர்க்கும். 1,000 ரூபாய் என்று நினைத்தது சற்றுக் கூடி நிற்கும். பணம் கட்டும் முன், அந்தக் கீ இந்தியாவில் செல்லுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். சில கேம்களுக்கு நாட்டுக் கட்டுப்பாடு உண்டு. தளத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெற்றோர் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு கேமின் வயது வரம்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கான புதிர் கேமும் ரத்தம் தெறிக்கும் கேமும் ஒரே பண்டலில் வருவது சாதாரணம்.

வாங்கிய பிறகு எல்லாக் கீயையும் ஒரே நாளில் ஆக்டிவேட் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சில கீகளுக்குக் கடைசித் தேதி இருக்கும். அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய கீயை ஒருமுறை கணக்கில் போட்டுவிட்டால் ஸ்டீம் பணம் திருப்பித் தராது, வேறு கணக்குக்கும் மாற்ற முடியாது. உங்களுக்குத் தேவையில்லாத கேம் அறை நண்பருக்குப் பிடிக்கும் என்றால் அந்தக் கீயைத் திறக்காமல் வைத்து, தளத்தில் பரிசாக அனுப்பும் வசதி இருந்தால் அதன் வழியாகக் கொடுத்துவிடுங்கள். பிரித்து விற்பது மட்டும் பெரும்பாலான தளங்களின் விதிகளுக்கு எதிரானது. பிடிபட்டால் கணக்கையே முடக்கலாம்.